நோயாளியின் முகநூல் படம் கண்ணில் பட்டுவிட்டது. இனி நான் என்ன செய்வது?

காலைஷிப்ட் எழுதியது:

டயாலிசிஸ் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். ஊசி குத்தும்போது கை நடுங்கியதில்லை. ஆனால் மூன்று வாரமாக முகநூலில் ஒருவருடைய பெயருக்குக் கீழே "நட்பிலிருந்து நீக்கு" என்ற வரியின் மேல் விரலைக் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருக்கிறேன். இங்கே மருத்துவர்களும் இருக்கிறீர்கள், நோயாளிகளும் இருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் பேச வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

டயாலிசிஸ் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மற்றப் பிரிவுகளில் நோயாளி வருவார், குணமாவார், போய்விடுவார். சிறுநீரகம் செயலிழந்து, இரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிக்க எங்களிடம் வருகிறவர் வாரம் மூன்று நாள் வருவார், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருப்பார். ஆண்டுக்கணக்கில். ஒரு முறைக்கு இரண்டு ஊசி என்றால் ஆண்டுக்கு 312 ஊசி. ஒருவருடைய கையில் இத்தனை முறை ஊசி குத்திய பிறகு அவரை "நோயாளி" என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்க மனித மனத்தால் முடியாது. அவர் மகளுக்கு எப்போது பிரசவம், மருமகன் எந்த வேலையை விட்டான், எல்லாம் எனக்குத் தெரியும். என் தம்பி தேர்வில் எத்தனை முறை தோற்றான் என்பது அவருக்குத் தெரியும்.

நான் சொல்லும் மனிதர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு மணிக்கு முதல் ஆளாக வருவார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் முகநூலில் நட்பு அழைப்பு அனுப்பினார். நான் யோசிக்கவே இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே ஏற்றுக்கொண்டேன்.

முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு முறை தோழியின் பிறந்தநாள், வீடு திரும்ப இரவு ஒன்றரை மணி. புறப்படும்போது எடுத்த படத்தைப் போட்டுவிட்டேன். காலை ஆறு மணிக்குக் கையை நீட்டிக்கொண்டே கேட்டார்: "தூங்கினாயா அம்மா? இல்லையென்றால் இன்று வேறு யாரையாவது குத்தச் சொல்கிறேன்." பிரிவு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று ஊசி முதல் முயற்சியிலேயே சரியாக இறங்கியது என்றாலும், அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பது பிறகுதான் உறைத்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிறு இரவு, பேத்தியின் பிறந்தநாள் படங்களைப் போட்டிருந்தார். ஆறேழு படங்கள். மூன்றாவது படத்தில் பேத்தி மடியில், அவர் கையில் உயரமான கண்ணாடிக் குவளை நிறைய ஆரஞ்சுச் சாறு. ஐந்தாவது படத்தில் அதே குவளை, காலி. ஆறாவதில் மறுபடியும் நிறைந்திருந்தது. ஆறு படத்தையும் ஒரு செவிலியர் பார்ப்பதைப் போலத்தான் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேத்தியின் உடை என்ன நிறம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

வெள்ளி முடிந்து திங்கள் வருவதுதான் எங்கள் நோயாளிகளுக்கு மிக நீண்ட இடைவெளி. நீரும் பொட்டாசியமும் வெளியேற வழியில்லாமல் இரண்டு நாள் முழுக்கச் சேரும். ஆரஞ்சுச் சாற்றில் இரண்டும் இருக்கின்றன. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தடுமாறும். திங்கள் காலை எடை பார்த்தோம். அவருடைய டிரை வெயிட், அதாவது கூடுதல் நீரெல்லாம் எடுத்தபின் இருக்க வேண்டிய எடை, 60 கிலோ. அதற்கு மேல் 3.6 கிலோ. நான்கு மணி நேரத்தில் அவ்வளவையும் எடுத்தால் மணிக்கு 900 மில்லி, கிலோவுக்குக் கணக்கிட்டால் 15. மணிக்குக் கிலோவுக்கு 13 மில்லியைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "சனி, ஞாயிறு என்ன குடித்தீர்கள் சார்?"

"வழக்கம்போலத்தான். அளந்துதான் குடித்தேன்."

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "ஆரஞ்சுச் சாறு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையணைக்குப் பக்கத்தில் இருந்த தன் கைப்பேசியைப் பார்த்தார். அதைக் கவிழ்த்து வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு சொல் பேசவில்லை.

பொட்டாசியம் பார்க்க இரத்தம் அனுப்பலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். "ஏன், மாதப் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறதே?" என்றார். "நீண்ட இடைவெளி, எடையும் கூடியிருக்கிறது" என்றேன். பொய் இல்லை; முழு உண்மையும் இல்லை. முடிவு 6.1 வந்தது, அதிகம்தான். நேரத்தை அரை மணி கூட்டினோம். மூன்றாம் மணியில் அவருக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு வந்தது. காலை நீவிவிட்டேன். நன்றி என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு.

புதன்கிழமை வந்தபோது அவருடைய முகநூல் பக்கம் எனக்கு வெறுமையாகத் தெரிந்தது. நட்பில்தான் இருக்கிறோம்; ஆனால் பதிவுகள் எதுவும் எனக்குக் காட்டவில்லை. யாரோ பேரப்பிள்ளை கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

நான் பார்த்ததால் ஒரு நன்மை நடந்தது, மறுக்கவில்லை. அந்த 6.1 அன்றே தெரிந்தது நல்லதுதான். ஆனால் அவர் தன் மகிழ்ச்சியை ஒரு தோழிக்குக் காட்டினார். அதை நாற்காலியில் எதிரே நின்று விசாரித்தவள் ஒரு செவிலியர். இரண்டு பேரும் நானேதான். இப்போது அவரை நட்பிலிருந்து நீக்கினால், மனிதர் குற்றம் செய்து தண்டனை பெற்றதுபோல் உணர்வாரோ என்று பயம். வைத்துக்கொண்டால் அந்தக் கவிழ்த்த கைப்பேசி எங்கள் இருவருக்கும் நடுவில் கிடக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் நட்புப் பட்டியலில் இவரையும் சேர்த்து ஒன்பது நோயாளிகள் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் உயிரோடு இல்லை. ஆண்டுதோறும் அவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும்படி முகநூல் எனக்கு நினைவூட்டுகிறது.

என்ன செய்யலாம்?


பழையஸ்டெத் எழுதியது:

நீங்கள் கேட்டது சரியான கேள்வி, ஆனால் இரண்டு ஆண்டுகள் தாமதமாகக் கேட்கிறீர்கள். கடிந்துகொள்வதாக நினைக்க வேண்டாம். நானும் அப்படித் தாமதமாகக் கற்றவன்தான். முப்பத்தைந்து ஆண்டு பொது மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன்.

விதிகளைப் பொறுத்தவரை பெரிய குழப்பம் இல்லை. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 2011-லேயே மருத்துவர்களுக்குச் சொன்னது இதுதான்: இப்போதைய நோயாளியோ முன்னாள் நோயாளியோ நட்பு அழைப்பு அனுப்பினால் பணிவாக மறுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். 2013-இல் அங்குள்ள பொது மருத்துவக் குழு, நோயாளி உங்கள் தனிப்பட்ட பக்கத்தின் வழியாகச் சிகிச்சை பற்றிக் கேட்டால், தொழிலையும் நட்பையும் கலக்க முடியாது என்று எடுத்துச் சொல்லும்படி எழுதியது. அதே 2013-இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரியும் அங்குள்ள மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து, நோயாளிகளைச் சொந்தக் கணக்கில் நண்பராக்க வேண்டாம் என்றே நிலை எடுத்தன. உங்கள் தொழிலுக்கும் இருக்கிறது: அமெரிக்கச் செவிலியர் வாரியங்களின் தேசியக் கழகம் 2011-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நோயாளியே முதலில் தொடர்பு கொண்டார் என்பதால் மட்டும் செவிலியர் அவரோடு தனிப்பட்ட உறவு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததாகாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. "அவர்தான் அழைப்பு அனுப்பினார்" என்ற நம் எல்லோருடைய சாக்கையும் அது வாசலிலேயே மடக்கிவிடுகிறது.

இத்தனையும் படித்த நானே மாட்டிக்கொண்டேன். அதைச் சொல்கிறேன்.

நீண்டநாள் நோயாளி ஒருவர், அறுபதைத் தாண்டியவர், முகநூலில் நண்பர். ஒரு நாள் இரவு பதினொன்றரைக்கு மெசஞ்சரில் செய்தி: "டாக்டர், மாலையிலிருந்து நெஞ்சில் ஒரு அழுத்தம். வாயுவாக இருக்குமோ?" நான் அரைத்தூக்கத்தில் இருந்தேன். கைப்பேசி வெளிச்சம் போட்டது, கை தானாகத் தொட்டது, செய்தி திறந்தது, கண் மூடிக்கொண்டது. காலையில் எனக்கு அது நினைவிலேயே இல்லை.

அவருடைய திரையில் என்ன நடந்தது? செய்திக்குக் கீழே என் முகம் சின்ன வட்டமாக இறங்கி நின்றது. நான் படித்துவிட்டேன் என்பதற்கு அடையாளம். டாக்டர் பார்த்துவிட்டார், பதில் எழுதவில்லை, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு செய்து படுத்துவிட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு அவர் மகள் எழுந்து, அப்பா வியர்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து ஆம்புலன்ஸ் அழைத்தாள். பிழைத்தார். எனக்கு விஷயம் தெரிந்தபோது அவர் இதயப் பிரிவில் இருந்தார். என் மேல் அவருக்குக் கோபமே இல்லை. "நீங்கள் பார்த்ததால் தைரியமாக இருந்தேன் டாக்டர்" என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

மருத்துவமனைத் தொலைபேசியில் அழைத்திருந்தால் யாராவது எடுத்திருப்பார்கள், குறித்திருப்பார்கள், உடனே வா என்றிருப்பார்கள். அந்தச் செய்தி எந்தக் கோப்பிலும் இல்லை. தூங்குகிற ஒரு மனிதனின் தலைமாட்டில் மட்டும் இருந்தது.

கடைசியாக ஒன்று. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய உறுதிமொழியில், சிகிச்சையின்போது மட்டுமின்றி அதற்கு வெளியேயும் மனிதர்களின் வாழ்க்கையில் நான் காண்பதையும் கேட்பதையும், வெளியே பேசத் தகாததாக இருந்தால், மறைத்து வைப்பேன் என்ற பொருளில் ஒரு வரி வரும். "வெளியேயும்" என்று ஏன் போட்டார்கள் என்று மாணவனாக இருந்தபோது யோசித்திருக்கிறேன். மருத்துவன் அந்தக் காலத்தில் வீட்டுக்கு உள்ளே போனான், அடுப்படி வரை பார்த்தான். அடுப்படிக்குள் போக இப்போது நமக்குக் கைப்பேசி போதும். உங்கள் ஆரஞ்சுச் சாறு அந்த "வெளியே"யில் சேர்ந்தது.


எதிர்க்கரை எழுதியது:

இவ்வளவு பெரிய சிக்கலா இது? நான் வேலை பார்ப்பது மிகச் சிறிய இடம். இங்கே இருக்கிற ஒரே பல் மருத்துவர் நான்தான். என் குழந்தையின் ஆசிரியை என் நோயாளி, எனக்குத் துணி தைப்பவர் என் நோயாளி, என் மைத்துனனும் என் நோயாளி. எல்லோரையும் நட்பிலிருந்து நீக்கினால் என் பட்டியலில் நானும் ஒரு பற்பசை நிறுவனமும்தான் மிஞ்சுவோம். விதி எழுதுகிறவர்கள் பெரிய நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். தெருவில் பார்த்துச் சிரிக்கிற மனிதரைத் திரையில் பார்த்துச் சிரித்தால் என்ன குற்றம்? நண்பராகவே இருங்கள். சாற்றைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.


காலைஷிப்ட் எழுதியது:

எதிர்க்கரை, வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் 6.1 தெரியாமல் போயிருக்கும். பல்லில் உள்ள சொத்தை திங்கள்கிழமை வரை காத்திருக்கும், பொட்டாசியம் காத்திருக்காது. ஆனால் தெருவில் பார்த்துச் சிரிப்பது பற்றி நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். தெருவில் நான் அவரைப் பார்க்கும்போது அவரும் என்னைப் பார்க்கிறார். குவளையைக் கீழே வைக்க அவருக்கு ஒரு நொடி கிடைக்கும்.


ஏழாம்படுக்கை எழுதியது:

நான் அந்தப் பக்கத்து ஆள். மார்பகப் புற்றுநோய், ஆறு சுற்றுக் கீமோதெரபி, பிறகு அறுவை சிகிச்சை. முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

எனக்குக் கீமோ ஏற்றிய செவிலியரை முகநூலில் நானே தேடிக் கண்டுபிடித்து அழைப்பு அனுப்பினேன். அவள் ஏற்றுக்கொண்டாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், நரம்பு தேடும்போது நாக்கின் நுனியைக் கடித்துக்கொள்வாள். அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

நாற்காலியில் இருந்து நீங்கள் எங்களைப் பார்ப்பதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் உங்களைப் பார்ப்பது எப்படி என்று தெரியுமா? தூக்கம் வராத இரவுகளில் அவளுடைய பக்கத்தைத்தான் புரட்டிக்கொண்டிருப்பேன். அவள் சிரித்தபடி ஒரு படம் போட்டால் என் இரத்த அணுக்கள் நன்றாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்வேன். இரண்டு நாள் எதுவும் போடாவிட்டால் வயிற்றைப் பிசையும். பைத்தியக்காரத்தனம்தான். பயந்தவர்களுக்கு எல்லாமே சகுனம்.

நான்காம் சுற்றுக்குப் பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு மறுநாள் என்றார்கள். அன்றிரவு பத்தேகாலுக்கு அவள் ஒரு வரி எழுதியிருந்தாள்: "சில செய்திகளை எப்படித் தாங்குவது என்றே தெரியவில்லை." கீழே கறுப்பு நிறத்தில் ஒரு இதயம்.

அந்த இரவை நான் எழுதப் போவதில்லை. என் கணவரை எழுப்பினேன், மகனுக்கு யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினேன், அதை அலமாரியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

காலையில் முடிவு வந்தது. கட்டி பாதிக்குமேல் சுருங்கியிருந்தது. அவள் கண் சிவந்திருந்தாள். கேட்டேன். பதினான்கு ஆண்டு வளர்த்த நாய் முந்தைய நாள் மாலை இறந்துவிட்டது என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். நாய்க்காக அழுகிறேன் என்று அவள் நினைத்தாள். நான் இன்றுவரை அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை.

அவள் செய்தது தவறே இல்லை. தன் நாய்க்காக அழ அவளுக்கு ஒரு இடம் வேண்டும், அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்திருக்கக் கூடாது. என் அழைப்பை அவள் ஏற்காமல் விட்டிருந்தால் வலித்திருக்கும். அதற்குக் காரணம் சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் வலித்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் பிசியோதெரபிஸ்டுக்கு அழைப்பு அனுப்பிவிட்டு ஏழு மாதம் "காத்திருக்கிறது" என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்; வாரம் இரண்டு முறை முழங்காலைப் பிடித்து மடக்குகிற மனிதர், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாயால் சொல்லிவிடுங்கள். நாங்கள் தாங்குவோம். இதைவிடப் பெரிய செய்திகளையெல்லாம் உங்கள் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறோம்.


உள்அறை எழுதியது:

மனநல ஆலோசகராக இருக்கிறேன். எங்கள் தொழிலில் இந்த விவாதம் முகநூலைவிடப் பழையது.

1993-இல் இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் எழுதிய ஒரு கட்டுரையை இன்றும் பயிற்சியில் படிக்கச் சொல்கிறார்கள். எல்லை தாண்டுவது வேறு, எல்லை மீறுவது வேறு என்று அவர்கள் பிரித்தார்கள். தடுக்கி விழுந்த நோயாளியைக் கை கொடுத்துத் தூக்குவது தாண்டுதல். அதில் யாருக்கும் கேடில்லை, பிறகு அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவும் முடியும். நோயாளிக்குக் கேடு விளைவித்தால் அது மீறல். உங்கள் நட்பு இன்னும் தாண்டுதல்தான் என்பது என் கணிப்பு. அதைப் பற்றி இருவரும் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அது மற்றப் பக்கத்துக்கு நகரும்.

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. அழைப்பு அனுப்பாவிட்டாலும் இந்த இயந்திரங்கள் நம்மைச் சேர்த்து வைக்கும். 2016-இல் ஒரு அமெரிக்க மனநல மருத்துவரைப் பற்றிச் செய்தி வந்தது. அவர் தன் நோயாளிகள் யாரோடும் முகநூலில் நட்பு வைத்ததில்லை. ஆனாலும் முகநூல் அவருடைய நோயாளிகளை அவருக்குப் பரிந்துரைத்தது. அதைவிட மோசமாக, நோயாளிகளை ஒருவருக்கொருவர் "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று காட்டியது. மனநல மருத்துவரிடம் போகிறோம் என்று வீட்டில்கூடச் சொல்லாத மனிதர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்றே நோயாளிகளின் எண்களைத் தனிக் கைப்பேசிக்கு மாற்றினேன். என் சொந்தக் கைப்பேசியின் தொடர்புப் பட்டியலைப் பார்க்க எந்தச் செயலிக்கும் அனுமதி இல்லை. உங்கள் கைப்பேசியில் அந்த ஒன்பது பேரின் எண்களும் இருக்கும் என்று நினைக்கிறேன். அமைப்புகளைத் திறந்து பாருங்கள்.

நீக்குவது எப்படி என்று கேட்டீர்கள். ஒருவரை மட்டும் நீக்காதீர்கள். அது நிச்சயமாகத் தண்டனைபோலத் தெரியும். ஒன்பது பேரையும் நீக்குங்கள், ஒவ்வொருவரிடமும் நேரில் சொன்ன பிறகு. ஆசிரியரிடம் முதலில் சொல்லுங்கள். ஊசி குத்தும் நேரத்தில் சொல்லாதீர்கள். அவர் கை உங்கள் பிடியில் இருக்கும்போது அவரால் சண்டை போட முடியாது. படத்தைப் பார்த்துதான் கேட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள். அவருக்கு அது தெரியும். உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். உங்கள் மருத்துவரிடமும் மீதி உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

இறந்துபோன இருவரை என்ன செய்வது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களை விட்டுவிடுங்கள் என்றே தோன்றுகிறது.


காலைஷிப்ட் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஏழாம்படுக்கை, உங்கள் பதிலைப் படித்த அன்று என் பக்கத்தை 2019 வரை பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். "இன்றைய நாள் ஏன் விடிந்தது" என்று ஒரு திங்கள்கிழமை எழுதியிருக்கிறேன். அன்று என்ன நடந்தது என்று எனக்கே நினைவில்லை. ஒன்பது பேரில் யார் யார் அதைப் படித்தார்கள், அடுத்த நாள் என் முகத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

மருத்துவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் பட்டியலில் பதினான்கு பேர் இருக்கிறார்கள்" என்றார்.

ஆசிரியரிடம் ஒரு புதன்கிழமை சொன்னேன். இரண்டாம் மணி, இயந்திரம் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்து பேசி அவர் பார்த்ததில்லை; அதிலேயே பாதி புரிந்துகொண்டார்.

"சார், அன்றைக்கு நான் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன்."

"தெரியும்."

"அது சரியில்லை. முகநூலில் நோயாளிகள் யாரோடும் இனி நட்பில் இருக்கப் போவதில்லை. ஒன்பது பேரிடமும் சொல்லப் போகிறேன். உங்களிடம் முதலில் சொல்கிறேன்."

கொஞ்ச நேரம் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தினேன் அம்மா. பேத்தி பிறந்தநாளன்று என் விடைத்தாளை யாரோ திருத்திவிட்டார்களே என்றுதான் இருந்தது" என்றார். பிறகு செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

எல்லாம் அன்றே சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். இல்லை. வெள்ளிக்கிழமை, "இன்று அந்தப் பெண் குத்தட்டும்" என்று என் சக ஊழியரைக் கைகாட்டினார். திங்களும் அப்படியே. எனக்கு வலித்தது. அவர் கேட்க உரிமையுள்ள விஷயம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, எதிர் வரிசையில் வேறு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை அவள் இரண்டு முறை குத்தியும் மேல் ஊசி இறங்கவில்லை. ஊசி குத்துவதற்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் ஃபிஸ்டுலாவுக்கு மேலே தோல் நீலம் பாரித்தது. அவர் அறையின் அந்தக் கோடியிலிருந்தே, "என்னம்மா, அங்கே என்ன வேடிக்கை?" என்று குரல் கொடுத்தார்.

போனேன். விரல் வைத்தேன். அதிர்வு நன்றாக இருந்தது. ஊசி இறங்கியது. "தூங்கினாயா?" என்று கேட்டார். தூங்கினேன் என்றேன்.

மற்ற எட்டுப் பேரில் இறந்த இருவரை அப்படியே விட்டுவிட்டேன். ஐந்து பேர் சரி என்றார்கள். அதில் ஒருவர், நான் நட்பில் இருந்ததே தனக்குத் தெரியாது என்றார். ஒருவர் மட்டும் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார். நோயாளிகளே நடத்தும் காலை நேர வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் சொல்லிவிட்டு வெளியேறினேன். அங்கே என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. இப்போதாவது நிம்மதியாகப் பேசட்டும்.

நேற்று திங்கள். ஆசிரியர் எடைமேடையில் ஏறினார். டிரை வெயிட்டுக்கு மேல் 2.8.

"ஒன்றும் கேட்காதே" என்றார்.

கேட்கவில்லை. எழுதிக்கொண்டேன். நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டிய பிறகு, தானாகவே சொன்னார்: "சனிக்கிழமை ஒரு குவளை. சின்னக் குவளைதான்."